மாடர்ன் ஜாஸ் குவார்டெட் கேட்கத் தொடங்குகிறீர்களா? பாக் கொஞ்சம் காத்திருக்கட்டும்

ஜாஸும் மேற்கத்திய செவ்வியல் இசையும் கலந்த பதிவு எது என்று விஷயம் தெரிந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்ற அமெரிக்க நால்வர் குழுவின் பெயர் வந்து விழும். கேட்டவர் ஆர்வமாகப் போய், அட்டையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசைமேதை பாக்கின் பெயர் இருக்கிற ஆல்பத்தைத் தேடி எடுத்து, ஒரு கால் மணி நேரம் கேட்பார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா பெரிய ஓட்டல் லிஃப்டுல ஓடுற மாதிரி இருக்கே" என்று நிறுத்திவிடுவார். நானும் அப்படி நிறுத்தியவன்தான், அதுவும் இரண்டு முறை. மூன்றாம் முறை தற்செயலாக வேறு வாசல் வழியாக நுழைந்தபோதுதான் இந்த நால்வரும் என்ன செய்கிறார்கள் என்பதே காதில் ஏறியது. அந்த வாசலில் தொடங்கி, எதை எதற்குப் பின் கேட்கலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

ஆட்கள் யார்?

பியானோ ஜான் லூயிஸ். வைப்ரஃபோன் மில்ட் ஜாக்ஸன். பேஸ் என்ற அடிக்குரல் தந்தி வாத்தியம் பெர்சி ஹீத். டிரம்ஸ் முதலில் கென்னி கிளார்க். 1955இல் அவர் விலகியதும் கானி கே வந்தார். அதற்குப் பிறகு 1974 வரை ஆள் மாறவே இல்லை. ஜாஸ் உலகில் இது அபூர்வம். இந்த இசைத்தட்டுகளில் ஒருவர் மூச்சு விடும் இடம் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறதே, அதற்குப் பாதிக் காரணம் இந்த நீண்ட உறவு.

குழுவின் வேர் 1940களில், டிரம்பெட் மேதை டிஸி கில்லெஸ்பியின் பெரிய வாத்தியக் குழுவில் இருக்கிறது. அங்கே ஊதுகிறவர்களுக்கு வேலை கடுமை. உதட்டுக்கு ஓய்வு வேண்டும். அந்த இடைவெளியில் லூயிஸ், ஜாக்ஸன், கிளார்க், பேஸில் ரே பிரவுன் ஆகிய நால்வர் மட்டும் வாசிப்பார்கள். கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. 1951இல் மில்ட் ஜாக்ஸன் குவார்டெட் என்ற பெயரில் பதிவு செய்தார்கள். 1952இல் ஹீத் வந்த பிறகு பெயர் மாடர்ன் ஜாஸ் குவார்டெட் ஆனது. எம்.ஜே.க்யூ. என்ற சுருக்கம் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் பெயர் மாறியபோது பொறுப்பும் கை மாறியது. இசையின் போக்கைத் தீர்மானிப்பவராக லூயிஸ் வந்தார்.

லூயிஸ் நியூ மெக்ஸிகோவில் வளர்ந்து, மானுடவியலும் இசையும் படித்து, பிறகு நியூயார்க்கில் மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் முதுகலை முடித்தவர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை மீது அவருக்குத் தீராத காதல். ஜாக்ஸன் டெட்ராய்ட்காரர், தேவாலயப் பாட்டிலும், கறுப்பின அமெரிக்கர்களின் புளூஸ் பாட்டிலும் ஊறியவர். லூயிஸ் வரப்பு கட்டுவார், ஜாக்ஸன் தண்ணீராக வருவார். சில சமயம் வரப்புக்குள் நிற்பார், சில சமயம் உடைப்பார். இந்த இழுபறியைக் கேட்கப் பழகிவிட்டால் மற்றவை எல்லாம் பின்னாலேயே வரும்.

காதுக்கு என்ன வேண்டும்?

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆனால் போனின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அதில் பேஸ் காணாமல் போகும். மூன்று குரல்கள் பின்னும் இசையில் அடிக்குரல் போய்விட்டால் மிஞ்சுவது லிஃப்ட் இசைதான். சாதாரண இயர்போன் போதும். பேருந்திலும் வேண்டாம், கானி கே ட்ரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பியையும் விரலில் மாட்டும் சின்னத் தாளங்களையும் மெல்லத் தட்டுவார், எஞ்சின் சத்தத்தில் அது கேட்காது. 1952 முதல் 1955 வரையிலான பதிவுகள் மோனோ. இரண்டு காதிலும் ஒரே ஒலி வந்தால் இயர்போன் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். இந்தக் குழுவின் பழைய பதிவுகள் பிற்காலத் தொகுப்புகளில் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஆல்பத்தின் பெயரைவிட, உருப்படியின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

முதல் படி: புளூஸ்

1956இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்காகப் பதிவான 'ஃபொன்டெஸா' ஆல்பத்தை எடுங்கள். அதில் 'புளூஸாலஜி' மட்டும். மற்றதைத் தொடாதீர்கள். இது ஜாக்ஸன் எழுதியது.

புளூஸின் கட்டமைப்பு எளிது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு அலகை மேற்கில் பார் என்பார்கள். பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று, அதாவது 48 எண்ணிக்கை. சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மெட்டும் இந்தச் சுற்றில்தான், தனி வாசிப்பும் இந்தச் சுற்றில்தான். தாளம் போட்டுக் கச்சேரி கேட்டுப் பழகிய கைக்கு இது பெரிய விஷயமே இல்லை. தொடையில் தட்டி எண்ணிக்கொண்டே கேளுங்கள். இரண்டாவது மூன்றாவது சுற்றில் தவறவிடுவீர்கள். பரவாயில்லை, மெட்டு திரும்பும்போது பிடித்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை கைவந்ததும் ஜாக்ஸனின் ஒலியைக் கவனியுங்கள். வைப்ரஃபோன் என்பது உலோகக் கட்டைகளைக் கோலால் தட்டும் வாத்தியம். கட்டைகளுக்குக் கீழே குழாய்கள், குழாய் வாயில் மோட்டாரால் சுழலும் தகடுகள். தகடு சுழல்வதால்தான் ஒலி அலையடிக்கிறது. ஜாக்ஸனுக்கு முந்திய பெரிய வித்வான் லயனல் ஹாம்ப்டன் நொடிக்குப் பத்துச் சுற்று வேகத்தில் அதை ஓடவிட்டார். ஜாக்ஸன் மூன்று சுற்றுக்குச் சற்று மேலாகக் குறைத்துவிட்டார். நடுக்கம் போய் மூச்சு வந்தது. நீண்ட ஸ்வரம் ஒன்று அவர் கோலிலிருந்து கிளம்பிக் கரைவதைக் கேட்டால், ஒரு பாட்டுக்காரர் வரியின் கடைசிச் சொல்லை விடுகிற மாதிரி இருக்கும். உலோகக் கட்டையிலிருந்து இது எப்படி வருகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இரண்டாம் படி: அதையே மூன்று முறை

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிற படி இது. எனக்கு இதுதான் கதவைத் திறந்தது.

'புளூஸாலஜி'யை முதல் முறை பெர்சி ஹீத்தின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அவர் நடந்துகொண்டே இருப்பார், ஒரு ஸ்வரம்கூட அவசரப்படாது. இரண்டாம் முறை ஜாக்ஸனை மட்டும். மூன்றாம் முறை, ஜாக்ஸன் தனி வாசிக்கும்போது பின்னால் லூயிஸ் என்ன செய்கிறார் என்று மட்டும்.

வழக்கமான ஜாஸ் பியானோக்காரர், தனி வாசிப்பவருக்குப் பின்னால் கொத்துக்கொத்தாக ஸ்வரங்களை அழுத்தி ஆதாரம் கொடுப்பார். லூயிஸ் அதைக் குறைவாகவே செய்வார். ஒற்றை ஒற்றை ஸ்வரங்களாக, தனக்கென்று இன்னொரு குட்டி மெட்டை ஓட்டுவார். ஜாக்ஸன் மேலே போனால் இவர் கீழே இறங்குவார், ஜாக்ஸன் நின்றால் இவர் ஒரு சொல் சொல்வார். இரண்டு மெட்டுகள் ஒன்றையொன்று இடிக்காமல் பக்கம் பக்கமாக நடப்பது பாக் காலத்து இசையின் உயிர்நாடி. இங்கே பாக் பெயர் எங்கும் இல்லை, வாசிப்பது சுத்தமான புளூஸ். ஆனால் செவ்வியல் இசை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தக் குழுவின் கலவை மிக நன்றாக வேலை செய்வது இப்படிப்பட்ட இடங்களில்தான் என்பது என் கட்சி.

ஜாக்ஸனுக்கு இந்த ஓயாத பின்னணிப் பேச்சு எப்போதும் உவப்பாக இருந்ததில்லை என்பார்கள். கேட்கும் நமக்கு லாபம்.

வாத்தியங்களைத் தனித்தனியே பிரித்துக் கேட்கக் கடினமாக இருந்தால், பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் 'ஜாங்கோ' ஆல்பத்தில் உள்ள 'லா ரோண்ட்' தொகுப்பை எடுங்கள். 1955 ஜனவரியில் பதிவானது. நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியத்துக்கு முதலிடம். பாடப்புத்தகம் போல உதவும்.

மூன்றாம் படி: 'ஜாங்கோ'

ஜிப்ஸி கிதார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1953இல் பிரான்ஸில் இறந்தார். அவருக்கு அஞ்சலியாக லூயிஸ் எழுதிய இந்த உருப்படி 1954 டிசம்பரில் முதலில் பதிவானது. டிரம்ஸில் அப்போது கென்னி கிளார்க். ஏழு நிமிடம்.

தொடக்கத்தில் இறுதி ஊர்வலம் மாதிரி மெதுவான மெட்டு. தாளம் கிட்டத்தட்ட இல்லை. மெட்டு முடிந்ததும் தாளம் விழுந்து ஜாக்ஸன் கிளம்புவார். இங்கே ஒரு நுணுக்கம். தனி வாசிப்புக்கு லூயிஸ் தொடக்க மெட்டின் நீளத்தை அப்படியே பயன்படுத்தவில்லை. அதே ஸ்வரப் போக்கிலிருந்து வேறு நீளத்தில் இன்னொரு சுற்று கட்டியிருக்கிறார். அந்தச் சுற்றின் பிற்பகுதியில் பேஸ் ஒரு சிறு புளூஸ் இசை வாசகத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தும். சாவு வீட்டில் திடீரென்று யாரோ பழைய கதை சொல்லிச் சிரிக்க வைப்பார்களே, அந்த இடம் அது. ஜாக்ஸன் முடித்ததும் ஒரு சிறு இடைப்பகுதி, பிறகு லூயிஸின் முறை, கடைசியில் ஊர்வலம் திரும்ப வரும்.

எது எழுதியது, எது மனோதர்மம் என்று பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். முதல் முயற்சியில் தப்பாகத்தான் குறிப்பீர்கள். தையல் தெரியக்கூடாது என்பதுதான் லூயிஸின் நோக்கமும்.

நான்காம் படி: ஃபியூக்

சரி, இப்போது பாக் தெருவுக்குள் நுழையலாம். வீட்டுக்குள் இன்னும் இல்லை.

ஃபியூக் என்பதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு சிறு வாசகம் இருக்கிறது. ஒரு வாத்தியம் தனியே அதைச் சொல்லும். அது முடித்ததும் இரண்டாவது வாத்தியம் அதே வாசகத்தை, வழக்கமாகப் பஞ்சமத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு சொல்லும். முதல் வாத்தியம் சும்மா இருக்காது. பக்கத்தில் வேறொன்றை ஓட்டும். பிறகு மூன்றாவது வாத்தியம். எல்லோரும் வந்து சேர்ந்த பின் வாசகத்தை விட்டு விலகி உலாவுவார்கள், மறுபடி யாராவது ஒருவர் அதைக் கொண்டுவருவார். இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹௌ டு நேம் இட்' கேட்டிருந்தால், பல குரல்கள் ஒன்றை ஒன்று துரத்தும் இந்தப் பழக்கம் உங்கள் காதுக்குப் புதிதல்ல.

லூயிஸ் இதில் ஜாஸை எங்கே நுழைத்தார் என்றால், வாசகம் ஓய்ந்து உலாவும் அந்த இடங்களில். பாக் அவற்றையும் எழுதியே வைப்பார். இங்கே அவை மனோதர்மத்துக்குத் திறந்துவிடப்படுகின்றன.

வரிசை இது: முதலில் 1952 டிசம்பரில், குழுவின் முதல் அமர்விலேயே பதிவான 'வாந்தோம்'. அடுத்து 1955இன் 'கொன்கோர்ட்'. பிறகு 'ஃபொன்டெஸா' ஆல்பத்தின் முதல் உருப்படி 'வெர்சாய்'. மூன்றும் பிரான்ஸின் இடப்பெயர்கள். லூயிஸுக்கு அந்த நாட்டின் மேல் அப்படி ஒரு பிரியம். ஒவ்வொன்றிலும் வாசகத்தை முதலில் சொல்வது யார், இரண்டாவது யார், பேஸ் எப்போது நுழைகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். அதன் பின்னர், துணிச்சல் இருந்தால், 'நோ சன் இன் வெனிஸ்' ஆல்பத்தில் 'த்ரீ விண்டோஸ்'. அதில் ஒன்றுக்கு மூன்று வாசகங்கள். ரோஜே வாதீமின் 1957 படத்துக்காக லூயிஸ் எழுதிய இசை அது. அந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது ஃபியூக் அல்ல, 'கோர்தேஜ்'. கால்வாயில் போகும் சவ ஊர்வலம். கானி கே அதில் டிரம்ஸ் வாசிக்கிறார் என்று சொல்வதைவிட, தொலைவிலிருந்து நெருங்கி வருகிறார் என்று சொல்லலாம்.

கானி கே பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு மென்மையாகத் தட்டுகிற ஆள் எங்கிருந்து வந்தார் என்று தோன்றும். அட்லாண்டிக் நிறுவனத்தின் ரிதம் அண்ட் புளூஸ் பதிவுகளில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தவர் அவர். 1954இல் பிக் ஜோ டர்னர் பாடிய 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' பதிவில் டிரம்ஸ் இவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், சிரிப்பு வரும்.

ஐந்தாம் படி: 'ஃபொன்டெஸா' முழுதாக

இப்போது அந்த ஆல்பத்தின் பெயர் உருப்படி. பதினோரு நிமிடத்துக்கு மேல். இத்தாலியின் பழைய தெருநாடகமான கொமேடியா தெல்லார்தேயை மனதில் வைத்து லூயிஸ் எழுதியது. அந்த நாடகத்தில் கதையின் எலும்புக்கூடு மட்டும் முன்கூட்டியே தீர்மானம். வசனமெல்லாம் நடிகர் மேடையில் இட்டுக்கட்டுவது. நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் செய்வதை நினைத்துக்கொள்ளலாம். மெட்டு, இடைப்பகுதிகள் எழுதியவை. நடுவே ஒவ்வொருவராக வந்து தங்கள் வசனத்தைப் பேசிவிட்டுப் போவார்கள். கானி கேவுக்கும் முறை உண்டு.

முதல் முறை சலிப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள். இடையில் 'ஏஞ்சல் ஐஸ்', 'வில்லோ வீப் ஃபார் மீ' இரண்டையும் கேட்கலாம். அதே தட்டில்தான் இருக்கின்றன.

ஆறாம் படி: பாக் வீட்டுக்குள்

'கொன்கோர்ட்' ஆல்பத்துக்குத் திரும்புங்கள். 'ஸாஃப்ட்லி, ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்' ஒரு பழைய நாடக மேடைப் பாட்டு. அதன் தலையிலும் வாலிலும் பாக்கின் 'மியூஸிகல் ஆஃபரிங்' படைப்பிலிருந்து ஒரு துண்டைத் தைத்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது துள்ளும் ஜாஸ். தெரியாமல் கேட்டால் அது பாக் என்று சந்தேகமே வராது.

அடுத்து 'புளூஸ் ஆன் பாக்'. 1973 நவம்பரில் பதிவாகி 1974இல் வந்தது. மொத்தம் ஒன்பது உருப்படி: ஐந்து பாக்கிடமிருந்து, நான்கு புளூஸ், ஒன்று விட்டு ஒன்றாக. பாக் உருப்படிகளில் லூயிஸ் பியானோவை விட்டு, பியானோவுக்கு முந்திய கால விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் உட்கார்கிறார். நான்கு புளூஸ்களின் ஆதார ஸ்வரங்களை ஜெர்மன் முறையில் வரிசையாகச் சொன்னால் பி, ஏ, சி, ஹெச் என்று பாக்கின் பெயரே வரும். ஜெர்மானியர்கள் பி ஃப்ளாட்டை பி என்றும், சாதாரண பியை ஹெச் என்றும் எழுதுவார்கள். பாக் தானே தன் இசையில் செய்த விளையாட்டு இது. முன்னால் நான் சொன்ன, அட்டையில் பாக் பெயர் இருக்கிற, புதியவர்கள் ஓடிப்போகிற ஆல்பம் இதேதான். புளூஸை எண்ணக் கற்றுக்கொண்டு வந்தால் இது வேறு தட்டாகக் கேட்கும். ஹார்ப்சிகார்டின் கூர்மையான நறநறப்பில் ஒரு கீர்த்தனை போல ஐரோப்பிய மெட்டு ஓடி முடிய, உடனே 'புளூஸ் இன் ஏ மைனர்' இறங்கும்போது அறையின் வெளிச்சமே மாறும்.

கடைசி உருப்படி 'டியர்ஸ் ஃப்ரம் த சில்ட்ரன்'. இதன் மூலமான பாக்கின் பிரெலூடை, அதாவது முன்னுரை போன்ற சிறு உருப்படியை, ஏதாவது பியானோ பதிவில் முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். ஜாக்ஸன் அதில் அதிகம் எதையும் சேர்க்கவில்லை. அந்த அடக்கத்தைக் கேட்கவே தனியாக உட்கார வேண்டும்.

பிரேசில் கிதார்க் கலைஞர் லௌரிந்தோ அல்மெய்தாவுடன் செய்த 1964 'கொலாபரேஷன்' இனிமையானது. பாக்கின் ஒரு ஃபியூக், ஸ்பானிய இசையமைப்பாளர் ரொத்ரீகோவின் 'கொன்சியெர்தோ தெ அரான்ஹுவெஸ்' என்ற கிதார் படைப்பின் மெதுவான பகுதி எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு ஏற்றது. பாரிஸின் ஸ்விங்கிள் ஸிங்கர்ஸ் பாடகர் குழுவுடன் சேர்ந்த 'பிளாஸ் வாந்தோம்' எனக்குக் கொஞ்சம் சர்க்கரை அதிகம். உங்களுக்குப் பிடிக்கலாம்.

தள்ளி வைக்க வேண்டியது

கந்தர் ஷுல்லர் என்ற இசையமைப்பாளர் 1957இல், ஜாஸும் செவ்வியலும் சேர்ந்து மூன்றாவது ஓடையாகும் என்று சொல்லி 'தேர்ட் ஸ்ட்ரீம்' என்ற சொல்லை உருவாக்கினார். அதே பெயரில் 1960இல் குழுவின் ஒரு ஆல்பமும் வந்தது; சில உருப்படிகளில் தந்தி வாத்திய நால்வர் குழு ஒன்றும் கூட வாசிக்கிறது. ஷுல்லரின் உருப்படிக்கு 'கான்வர்ஸேஷன்', அதாவது உரையாடல் என்று பெயர். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து அவரவர் செய்தித்தாளைப் படிப்பது மாதிரி எனக்குக் கேட்கிறது. வரலாற்றுக்காகக் கேட்கலாம், தொடக்கத்துக்கு வேண்டாம்.

பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்காக 1960களின் இறுதியில் செய்த இரண்டு ஆல்பங்களும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: மேடை

டக்ஸிடோ போட்டுக்கொண்டு, அமைதி கேட்டு, கச்சேரி மண்டபங்களில் வாசித்த குழு இது. ஜாஸ் என்றால் மதுக்கூடத்துப் பின்னணிச் சத்தம் என்று இருந்த அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர் நால்வர் அந்த மரியாதையைக் கேட்டு வாங்கினார்கள். அந்த உடையையே சாக்காக வைத்து விறைப்பான குழு என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் மேடைப் பதிவுகளில் கிடைக்கும்.

1960 ஏப்ரலில் ஸ்வீடனில் பதிவான 'யுரோப்பியன் கான்ஸர்ட்' எல்லோரும் சிபாரிசு செய்வது. அதற்கு அடுத்த மாதம் லுப்லியானாவில் (இன்றைய ஸ்லோவேனியாவின் தலைநகர்) பதிவான கச்சேரி பல ஆண்டு பெட்டிக்குள் கிடந்து, கானி கே இறந்ததற்கு மறு ஆண்டு, 1995இல், 'டெடிகேட்டட் டு கானி' என்ற பெயரில் வெளிவந்தது. ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

1974இல் ஜாக்ஸன் விலகினார். வருமானமும் ஒரு காரணம், கட்டில்லாமல் வாசிக்கும் ஆசையும் ஒரு காரணம். அந்த நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் விடைபெறும் கச்சேரி. 'த லாஸ்ட் கான்ஸர்ட்' என்று தட்டாக இருக்கிறது. ஏழு வருடம் கழித்து மறுபடி சேர்ந்துவிட்டார்கள், அது வேறு கதை.

இந்தத் தட்டிலும் 'ஜாங்கோ' உண்டு. 1954, 1960, 1974 என்று மூன்று 'ஜாங்கோ'க்களையும் ஒரே மாலையில் கேளுங்கள். எழுதிய பகுதி மூன்றிலும் ஒன்றுதான். ஊர்வலம் முடிந்து தாளம் விழுகிறதே, அந்த நொடியில் ஜாக்ஸன் முதல் ஸ்வரத்தை எங்கே வைக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.